முதலில் காரணம், பிறகு வைத்தியம்



விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் போகும் வழியில் ஆமத்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. அவ்வூரில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அக்கா பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அரசு கொடுத்த மடிக்கணினி ஒன்று அவ்வீட்டில் இருக்கிறது. கடிதம் எழுதினால் எழுதுகிறது. கணக்குப் போட்டால் போடுகிறது. பாட்டுக் கேட்டால் பாடுகிறது. ஆனால் குடும்பப் படங்களையெல்லாம் சேர்த்து வைத்திருக்கும் படத்தொகுப்பு மென்பொருளைத் திறந்துவிட்டால் மட்டும் தொல்லை. ஐந்து நிமிடமோ பத்து நிமிடமோ ஓடுகிறது. பிறகு திரை இருண்டு, கணினி நின்றுவிடுகிறது.

இப்படி ஒரு நிலை வந்தால் அக்கம்பக்கத்தில் கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான். "ஃபார்மட் போட்டுவிடு, எல்லாம் சரியாகிவிடும்" என்பார்கள். அதாவது, கணினியில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாகப் பதிந்துவிட வேண்டும்.

இந்த யோசனை தவறானது என்பது என் கருத்து. ஃபார்மட் செய்வதே கூடாது என்று நான் சொல்லவில்லை. அதை முதல் வேலையாகச் செய்வது கூடாது என்கிறேன். காய்ச்சல் என்று வந்தவரிடம் நாடி பார்க்காமல், நாக்கைப் பார்க்காமல், உடனே கத்தியை எடுக்கும் வைத்தியரை நீங்கள் நம்புவீர்களா? கணினிக்கு மட்டும் ஏன் அந்த வைத்தியம்?

காரணம் தெரியாமல் ஃபார்மட் செய்தால் இரண்டு நட்டங்கள் உண்டு. முதலாவது, படங்கள் போய்விடலாம். அக்காவின் திருமணம், பங்குனிப் பொங்கல், இப்போது உயிரோடு இல்லாத தாத்தா ஆகிய படங்களை மறுபடி எடுக்க முடியாது. இரண்டாவது, கணினி ஏன் நின்றது என்பதற்கான தடயங்களும் அழிந்துவிடும். உண்மைக் காரணம் வேறிடத்தில் இருந்தால், ஃபார்மட் செய்த பிறகும் கணினி நிற்கும். அப்போது கையில் படமும் இராது, தடயமும் இராது.

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த லட்சக்கணக்கான மடிக்கணினிகள் மாணவர் கைகளுக்குச் சென்றன. அவற்றுள் பல இன்று பத்து வயதைத் தாண்டிவிட்டன. ஆகவே நாம் பேசப்போவது ஒரு வீட்டின் தொல்லையை மட்டுமன்று.

குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா?

படத்தொகுப்பைத் திறக்கும்போதுதான் கணினி நிற்கிறது. எனவே படத்தொகுப்பு மென்பொருளே குற்றவாளி என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அந்த மென்பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்தால் இந்த முடிவு அவசரமானது என்பது விளங்கும்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றின் அகலம் 4000 புள்ளிகள், உயரம் 3000 புள்ளிகள் என்க. மொத்தம் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் வேண்டும். ஆகவே 3 கோடியே 60 லட்சம் பைட்டுகள், அதாவது சுமார் 36 மெகாபைட். ஆனால் வட்டில் அந்தப் படக்கோப்பு ஏறத்தாழ 4 மெகாபைட் இடத்தைத்தான் பிடிக்கும். ஜேபெக் முறையில் படம் சுருக்கி வைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். மடித்து வைத்த ஜமுக்காளத்தைத் தரையில் விரிப்பதுபோல், ஒவ்வொரு முறை படத்தைக் காட்டும்போதும் கணினி அதை விரித்தாக வேண்டும்.

இருபது படங்களை ஒரே நேரத்தில் முழுமையாக விரித்தால் 720 மெகாபைட் நினைவகம் தேவை. 2 ஜிகாபைட் நினைவகம் மட்டுமே உள்ள பழைய மடிக்கணினியில் இயங்குதளமே பெரும்பங்கை எடுத்துக்கொண்டிருக்கும். மிச்சம் எவ்வளவு இருக்கும்?

இன்னொன்றும் உண்டு. நீங்கள் ஒன்றும் செய்யாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் இத்தகைய மென்பொருள் சும்மா இருப்பதில்லை. புதிய படங்களைத் தேடும். சிறு உருவங்களைத் தயாரிக்கும். சில மென்பொருள்கள் முகங்களைக்கூட அடையாளம் கண்டு பிரித்து வைக்கும். வட்டு, நினைவகம், செயலி, திரைக்கான வரைவியல் சில்லு ஆகிய எல்லாம் ஒருங்கே முழுமூச்சில் உழைக்கும் நேரம் அது. கடிதம் எழுதும்போது இவற்றில் எதுவும் பெரிதாக உழைப்பதில்லை.

சமதரையில் நடக்கும்போது தெரியாத மூச்சிரைப்பு மலையேறும்போது தெரிகிறது. அதற்காக மலைதான் நோய் என்று சொல்வோமா? படத்தொகுப்பு மென்பொருள் அந்த மலையைப் போன்றது. அது நோயாகவும் இருக்கலாம்; எங்கோ மறைந்திருக்கும் நோயைக் காட்டிக்கொடுப்பதாகவும் இருக்கலாம். எது என்று அறிய ஒரே வழி சோதனைதான்.

படங்களைக் காப்பதே முதல் சோதனை

சோதனைக்கு முன் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். 8000 படங்கள், ஒவ்வொன்றும் 4 மெகாபைட் என்றால் மொத்தம் 32,000 மெகாபைட், அதாவது 32 ஜிகாபைட். 64 ஜிகாபைட் பென்டிரைவ் ஒன்று போதும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. படங்களைப் படத்தொகுப்பு மென்பொருள் வழியாக நகலெடுக்க வேண்டாம். கோப்புறையைத் திறந்து கோப்புகளை நேரடியாக நகலெடுங்கள். அப்போது கணினி படத்தை விரிப்பதில்லை. மடித்த ஜமுக்காளத்தை மடித்தபடியே ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குத் தூக்கிச் செல்கிறது. செயலிக்கு வேலை மிகக் குறைவு.

இந்த வேலையே ஒரு சோதனையாகவும் அமைந்துவிடுவதைக் கவனித்தீர்களா? 32 ஜிகாபைட்டும் தடையின்றி நகலானால், வட்டின் மீதுள்ள ஐயம் பெருமளவு நீங்குகிறது. மாறாக, ஒரு குறிப்பிட்ட கோப்பு வந்ததும் நகலெடுப்பது திணறி நின்றாலோ, வட்டிலிருந்து 'டிக் டிக்' என்ற ஓசை வந்தாலோ, வட்டு நலிந்துவிட்டது என்று கொள்ளலாம். அப்படியானால் வேறு சோதனை எதையும் தொடங்காதீர்கள். முக்கியமான படங்களை முதலில் மீட்டுவிட்டு, வட்டை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

எப்படி நின்றது என்று கேளுங்கள்

"கணினி நின்றுவிட்டது" என்று பொதுவாகச் சொன்னால் போதாது. எப்படி நின்றது? மூன்று வகைகளைப் பிரித்தறியுங்கள்.

படத்தொகுப்பு மட்டும் மூடிக்கொண்டு மற்றவை வழக்கம்போல் ஓடினால், மென்பொருளிலோ, அதன் பட்டியல் கோப்பிலோ, ஏதாவது ஒரு படத்திலோ குறை இருக்கலாம். நினைவகம் போதாமல் இயங்குதளமே அதை மூடியிருக்கவும் கூடும்.

திரை அப்படியே உறைந்துபோனாலோ, நீலத் திரையில் ஏதோ குறியீடு தோன்றினாலோ, நினைவகம், வட்டு, வரைவியல் சில்லை இயக்கும் டிரைவர் ஆகியவற்றின் மீது ஐயம் எழுகிறது. அந்தக் குறியீட்டை உடனே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கணினி விட்டுச்செல்லும் வாக்குமூலம் அதுதான்.

எந்த அறிவிப்பும் இன்றி, சுவிட்சை அணைத்தாற்போல் சட்டென்று அணைந்தால், வெப்பத்தையும் மின்சாரத்தையும் கவனிக்க வேண்டும். செய்தி எழுதிவைக்கக்கூட அவகாசம் இல்லாமல் நிகழும் மரணம் இது. விண்டோஸில் 'ஈவென்ட் வியூவர்' என்ற குறிப்பேடு ஒன்று உண்டு. திடீரென்று அணைந்த கணினியில் 41 என்ற எண்ணுள்ள பதிவை அங்கே காணலாம். முறைப்படி மூடப்படாமல் நின்றது என்பதுதான் அதன் பொருள். காரணத்தை அது சொல்லாது. நாம்தான் தேட வேண்டும்.

வெயிலும் தூசியும்

விருதுநகர் மாவட்டத்துக் கோடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 40 டிகிரி செல்சியஸ் வெயில் அங்கே புதுமையன்று. ஆனால் பல மடிக்கணினிகள் 35 டிகிரி வரையுள்ள சூழலில் இயங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. செயலியின் வெப்பநிலை ஏறத்தாழ 100 டிகிரியை எட்டினால் அது முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்படியும் சூடு தணியாவிட்டால், கருகிப்போகாமல் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். இது பழுதன்று, பாதுகாப்பு.

செயலியின் சூட்டை ஒரு செப்புக்குழாய் கடத்திக்கொண்டு போய் மெல்லிய உலோகத் தகடுகளில் சேர்க்கிறது. சிறு விசிறி அத்தகடுகளின் ஊடே காற்றை ஊதி வெளியேற்றுகிறது. தகடுகளின் இடைவெளியில் கரிசல் தூசியும் பஞ்சும் அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழி ஏது? மெத்தையின் மீதோ தலையணையின் மீதோ மடிக்கணினியை வைத்தாலும் இதே கதிதான். அடியிலுள்ள காற்றுத்துளைகள் அடைபட்டுவிடும்.

வெப்பம்தான் காரணமா என்று எப்படி அறிவது? ஒரே படத் தொகுதியைக் காலை ஆறு மணிக்கு ஒருமுறையும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஒருமுறையும் திறந்து, எத்தனை நிமிடத்தில் நிற்கிறது என்று குறியுங்கள். மேசையின் மேல் வைத்து, பின்பக்கத்தின் கீழே இரண்டு அழிப்பான்களைக் கொடுத்து உயர்த்தி மறுபடி பாருங்கள். இன்னொரு சோதனையும் உண்டு. நின்றவுடன் மீண்டும் இயக்கினால் இரண்டே நிமிடத்தில் நிற்கிறது. அரைமணி நேரம் ஆறவிட்டு இயக்கினால் பத்து நிமிடம் ஓடுகிறது என்றால், சூடு உள்ளே தேங்கியிருக்கிறது என்று பொருள். மென்பொருளுக்கு நேற்றைய வெயில் தெரியாது, உலோகத்துக்குத் தெரியும்.

வெப்பம் உடனே அணைப்பதோடு நிற்பதில்லை. சூடானால் பொருள்கள் விரியும், ஆறினால் சுருங்கும் என்று படித்திருக்கிறீர்கள். பலமுறை விரிந்து சுருங்கும் பற்றவைப்புகளில் நாளடைவில் விரிசல் விழும். 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், மடிக்கணினிகளுக்கான தனது சில வரைவியல் சில்லுகள் பொதியப்பட்ட பொருளின் பலவீனத்தால் பழுதாகின்றன என்று அறிவித்தது. அதைச் சரிக்கட்ட 15 கோடி முதல் 20 கோடி டாலர் வரை ஆகும் என்று கணக்கிட்டது. அந்தக் கணினிகளை எத்தனை முறை ஃபார்மட் செய்திருந்தாலும் விரிசல் கூடியிருக்குமா?

இயற்பியல் பாடத்தில் ஒரு சூத்திரம்

மின்கலத்தின் உட்தடையைப் பற்றி மேல்வகுப்புகளில் படிப்பீர்கள். மின்கலம் வெளியே தரும் மின்னழுத்தம், அதன் மின்னியக்கு விசையிலிருந்து மின்னோட்டத்தையும் உட்தடையையும் பெருக்கிக் கழித்தால் வருவது. இது தேர்வுக்கு மட்டும் உரிய சூத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஒரு மடிக்கணினியின் மின்கல அடுக்கு 11 வோல்ட் தருகிறது என்போம். புதிதாக இருந்தபோது உட்தடை 0.1 ஓம். செயலி முழுமூச்சில் உழைத்து 4 ஆம்பியர் இழுத்தால் 0.4 வோல்ட்தான் குறையும்; கவலையில்லை. வயதாகி உட்தடை 0.6 ஓம் ஆகிவிட்டால்? அதே 4 ஆம்பியருக்கு 2.4 வோல்ட் குறைந்துவிடும். 11 வோல்ட் 8.6 ஆகிவிட்டது, கணினி அணைகிறது. கடிதம் எழுதும்போது 1 ஆம்பியர் மட்டுமே இழுத்தால் 0.6 வோல்ட்தான் குறையும். அதனால்தான் கடிதம் எழுதும்போது தொல்லை இல்லை!

சோதனை எளிது. மின்கலத்தில் மட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். சுவரிலிருந்து மின்சாரம் கொடுத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முதலாவதில் நின்று இரண்டாவதில் நிற்கவில்லையானால் குற்றவாளி யார் என்று சொல்லவும் வேண்டுமோ?

நினைவகத்தையும் மறந்துவிடக் கூடாது. கல்யாண மண்டபத்தில் நூறு நாற்காலிகள் இருக்கின்றன. அவற்றுள் கடைசி வரிசையில் ஒன்றுக்கு மட்டும் கால் உடைந்திருக்கிறது. இருபது பேர் வந்தால் யாருக்கும் தெரியாது. மண்டபம் நிறைந்தால் ஒருவர் விழுந்தே தீருவார். நினைவகத்தில் ஒரு சிறு பகுதி கெட்டிருந்தாலும் இப்படித்தான். விண்டோஸிலேயே நினைவகத்தைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. இரவில் ஓடவிட்டுக் காலையில் முடிவைப் பாருங்கள்.

இயங்குதளத்தின் மீது ஐயமா? தொடக்க ஆண்டுகளில் அரசு தந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' என்ற லினக்ஸ் இயங்குதளமும் சேர்ந்தே வந்தது. ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளங்கள் இருப்பது, ஒப்பிட்டுப் பார்க்கக் கிடைத்த வரம். உங்கள் கணினியில் அது இல்லாவிட்டால் பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கிப் பார்க்கலாம். அதிலும் படங்களைத் திறந்தால் நிற்கிறதென்றால் விண்டோஸ் குற்றமற்றது. ஃபார்மட் செய்தால் பயனிராது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

ஒரே ஒரு படம் போதும்

இதுவரை சொன்னவை எல்லாம் மென்பொருளுக்கு வெளியே உள்ள காரணங்கள். மென்பொருள் எப்போதுமே அப்பாவி என்று எண்ணிவிடாதீர்கள். 2020-ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

அமெரிக்காவின் மான்டானா மாநிலத்திலுள்ள பனியாற்றுத் தேசியப் பூங்காவில் செயின்ட் மேரி ஏரி என்ற அழகிய ஏரி உண்டு. ஒருவர் அதைப் படமெடுத்து, மெருகேற்றி, இணையத்தில் வெளியிட்டார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் தங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் பின்னணிப் படமாக வைத்தார்கள். அவ்வளவுதான்! பல கைப்பேசிகளில் திரை விட்டுவிட்டு அணைந்து எரிந்தது. கைப்பேசி ஓயாமல் மீண்டும் மீண்டும் தொடங்கிக்கொண்டே இருந்தது. அப்படத்தை எடுத்தவருக்கு எந்தத் தீய எண்ணமும் இல்லை. அதில் நச்சுநிரலும் இல்லை.

பின் என்ன காரணம்? ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு வெளிச்சமானது என்று கைப்பேசி கணக்கிட வேண்டியிருந்தது. சிவப்பை 0.2126 ஆலும், பச்சையை 0.7152 ஆலும், நீலத்தை 0.0722 ஆலும் பெருக்கிக் கூட்டினால் வெளிச்ச அளவு வரும். 0 முதல் 255 வரை 256 அளவுகள். அவற்றை எண்ணிப் போட 256 பெட்டிகள். அந்தப் படமோ வழக்கமான வண்ண முறையில் அமையாமல், 'ப்ரோஃபோட்டோ' என்ற விரிந்த வண்ண முறையில் இருந்தது. மூன்று பகுதிகளையும் தனித்தனியே முழு எண்ணாக்கிக் கூட்டியபோது சில புள்ளிகளுக்கு 256 என்று விடை வந்துவிட்டது. 256 என்ற எண்ணுக்குப் பெட்டியே இல்லை! போடுவதற்கு இடமின்றி நிரல் நிலைகுலைந்தது. பின்னர் இக்குறை திருத்தப்பட்டது.

ஒன்றே ஒன்று மிகுந்ததால் வந்த வினை இது. கோடிக்கணக்கான படங்களைக் காட்டிய கைப்பேசி ஒரு படத்தில் தடுக்கி விழுந்தது. உங்கள் படத்தொகுப்பிலும் அப்படி ஒரு படம் ஒளிந்திருக்கக்கூடும். பாதியில் அறுந்துபோன நகலாக அது இருக்கலாம். மென்பொருளுக்குப் பழக்கமில்லாத முறையில் அமைந்ததாகவும் இருக்கலாம்.

பாதி பாதியாகப் பிரியுங்கள்

எண்ணாயிரம் படங்களில் ஒன்றை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தால் நாள் கணக்கில் ஆகும். கணிதம் நமக்குக் கைகொடுக்கிறது.

நகலெடுத்த படங்களை இரண்டு பாதிகளாகப் பிரியுங்கள். புதிய வெறும் தொகுப்பு ஒன்றைத் தொடங்கி, முதல் 4000 படங்களை மட்டும் அதில் சேருங்கள். நின்றால் குற்றவாளி அதில் இருக்கிறது; நிற்காவிட்டால் மறுபாதியைப் பாருங்கள். பிறகு 2000, அதன்பின் 1000, 500, 250 என்று பாதியாக்கிக்கொண்டே வாருங்கள். 2-ஐ 13 முறை பெருக்கினால் 8192. ஆகவே பதின்மூன்றே சோதனைகளில் அந்த ஒரு படம் கையில் அகப்பட்டுவிடும்!

முடிவு எதிர்பார்த்தபடி அமையாவிட்டாலும் அது வீணன்று. இரண்டு பாதிகளிலும் நிற்கிறதா? காரணம் ஒரு படம் மட்டுமாக இருக்க முடியாது. வெப்பத்தையோ மின்கலத்தையோ நோக்கித் திரும்புங்கள். இரண்டு பாதிகளிலுமே நிற்காமல், முழுவதையும் சேர்த்தால் மட்டும் நிற்கிறதா? படங்களின் எண்ணிக்கைதான் சுமையாகிறது. நினைவகம் போதவில்லை என்று ஊகிக்கலாம். புதிய தொகுப்பில் எல்லாப் படங்களையும் சேர்த்தும் நிற்கவில்லையா? பழைய தொகுப்பின் பட்டியல் கோப்பு சிதைந்திருக்கிறது. எந்த விடை வந்தாலும் நாம் ஓர் அடி முன்னே போயிருப்போம். ஃபார்மட் செய்தால் இந்த விடைகளில் ஒன்றாவது கிடைக்குமா?

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

இந்த முறைக்கெல்லாம் அடிப்படையாக ஒரே விதி உண்டு: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். தூசியைத் துடைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, படங்களில் பாதியை நீக்கி, எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து கணினி சரியாகிவிட்டால், எதனால் சரியாயிற்று என்று தெரியாது. அடுத்த முறை நின்றால் மறுபடியும் இருட்டில்தான் தடவ வேண்டும்.

பிரித்து வைத்துப் பார்க்கும் இந்தப் பழக்கம் சிவகாசிப் பகுதிக்குப் புதிதன்று. அச்சகங்களில் நாட்காட்டிப் படம் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகிறது. படம் மங்கலாக விழுந்தால், தேர்ந்த அச்சுத் தொழிலாளி நான்கு தகடுகளையும் தூக்கி எறிவதில்லை. ஓரத்திலுள்ள குறிகளை உருப்பெருக்கியால் பார்த்து, எந்த நிறம் விலகியிருக்கிறது என்று கண்டு, அதை மட்டும் நகர்த்துகிறார்.

பட்டாசு ஆலைகளையும் எண்ணிப் பாருங்கள். மருந்து கலப்பதற்கு ஓர் அறை, அதை அடைப்பதற்கு வேறோர் அறை, நடுவே இடைவெளி. ஓரிடத்துத் தீங்கு அங்கேயே நிற்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட விதிகள் இவை. அந்த விதிகள் மீறப்படும்போது எத்தனை உயிர்கள் போகின்றன என்பதை அப்பகுதி மக்கள் நன்கு அறிவார்கள். விபத்துக்குப் பின் "விதி" என்று சொல்லிவிட்டுப் போகாமல், உராய்வா, வெயிலா, ஈரமா, மிதமிஞ்சிய இருப்பா என்று காரணம் தேடினால்தான் அடுத்த விபத்தைத் தடுக்க முடியும். கணினி நின்றால் உயிர் போவதில்லை. ஆனால் காரணம் தேடும் பழக்கத்தைச் சிறிய பொருளில் கற்றுக்கொள்ளாதவர் பெரிய பொருளில் எப்படிக் கடைப்பிடிப்பார்?

சோதனைகளைக் குறித்துவைக்க ஒரு நோட்டு வேண்டும். தேதி, நேரம், எதை மாற்றினீர்கள், என்ன நடந்தது என்ற நான்கு கட்டங்கள் போதும். 1947 செப்டம்பர் 9 அன்று, அமெரிக்காவின் ஹார்வர்டு மார்க் 2 என்ற கணிப்பொறி கோளாறு செய்தபோது, அதன் மின் இணைப்பி ஒன்றில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. அங்கிருந்தவர்கள் பூச்சியை எறிந்துவிடவில்லை. நேரத்தைக் குறித்து, குறிப்பேட்டிலேயே அதை ஒட்டிவைத்தார்கள். அதனால்தான் அது இன்றும் அமெரிக்காவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் பாதுகாப்பில் இருக்கிறது.

சில மறுப்புகள்

"கடைக்காரர் ஃபார்மட்தானே செய்கிறார்?" என்று கேட்பீர்கள். அவரை நான் குறை கூறவில்லை. ஃபார்மட் செய்ய அவருக்கு இரண்டு மணி நேரம் போதும்; காலையிலும் மாலையிலும் ஓட்டிப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? ஆனால் உங்களிடம் விடுமுறை இருக்கிறது, பொறுமையும் இருக்கிறது. கடைக்குப் போக நேர்ந்தாலும் உங்கள் நோட்டைக் கொண்டுபோங்கள். நோயின் வரலாற்றைச் சொல்லும் நோயாளியை எந்த வைத்தியரும் வரவேற்பார்.

"ஃபார்மட் செய்து சரியான கணினிகளும் உண்டே?" உண்டு. இயங்குதளமே சிதைந்திருந்தால் அதுதான் மருந்து. மற்ற சோதனைகள் முடிந்து, படங்கள் இரண்டு இடங்களில் பத்திரமான பிறகு தாராளமாகச் செய்யலாம். அது கடைசிப் படி, முதற்படி அன்று.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பற்றக்கூடியது. சுவரில் செருகும் மின்மாற்றிப் பெட்டியையும் பிரிக்காதீர்கள். மடிக்கணினியைத் திறந்து தூசி எடுப்பதானால் மின் இணைப்பை நீக்கிவிட்டு, பழகிய பெரியவரின் துணையோடு செய்யுங்கள்.

பள்ளிக்கு ஒரு வேண்டுகோள்

2022-ஆம் ஆண்டில் உலகில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை ஒன்று கூறுகிறது. அதில் முறைப்படி திரட்டி மறுசுழற்சி செய்யப்பட்டது நான்கில் ஒரு பங்குகூட இல்லை. விசிறியில் தூசி அடைத்ததற்காகவும், ஒரு மின்கலம் முதுமை அடைந்ததற்காகவும் குப்பைக்குப் போகும் கணினிகளும் அந்தக் குவியலில் இருக்கத்தான் செய்யும்.

நம் பள்ளிகளில் கணினியை இயக்கக் கற்றுத்தருகிறார்கள். நிரல் எழுதவும் கற்றுத்தருகிறார்கள். நின்றுபோன கணினியின் முன் அமர்ந்து சிந்திக்கக் கற்றுத்தருவதில்லை. ஒவ்வொரு பள்ளியின் அறிவியல் மன்றமும் மாதத்தில் ஒரு சனிக்கிழமையைப் பழுதறியும் நாளாக வைத்துக்கொள்ளலாம். ஊரார் தங்கள் பழுதான மடிக்கணினிகளைக் கொண்டுவரட்டும். மாணவர்கள் ஆசிரியரின் மேற்பார்வையில் முதலில் கோப்புகளைக் காப்பாற்றட்டும். பிறகு ஒன்றொன்றாக மாற்றிச் சோதித்து நோட்டில் எழுதட்டும். பழுதை நீக்க முடியாமற் போனாலும் பரவாயில்லை. வெப்ப விரிவும், உட்தடையும், இரண்டின் அடுக்குகளும் பாடநூலை விட்டு இறங்கி மேசைக்கு வந்திருக்கும்.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு மடிக்கணினி இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு பென்டிரைவையும் ஒரு நோட்டையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். "ஃபார்மட் போட்டுவிடு" என்று யாராவது சொன்னால், "காரணம் என்ன?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். அறிவியல் தொடங்குவது அந்தக் கேள்வியில்தான்.